பழைய வில்லையின் பார்வை

பழம்பொருட் கடைகளின் மேசை இலாச்சிகளிலும், வீடுகளிற் பூட்டிக் கிடக்கும் அலுமாரிகளின் அடித்தட்டுகளிலும் பழைய கமராக்கள் பல உறங்குகின்றன. அவற்றின் உடல் பழுதடைந்திருக்கலாம். உட்சுருள் இற்றுப் போயிருக்கலாம். தோலுறை பூஞ்சணம் பிடித்து நாறலாம். ஆயினும் அவற்றின் முகத்திலே பொருத்தப்பட்ட வில்லை, பேச்சு வழக்கில் லென்ஸ் என்று கூறப்படுவது, பெரும்பாலும் உயிரோடிருக்கிறது. கண்ணாடியும் பித்தளையும் அலுமினியமும் கொண்டு, மின்சாரத்தின் துணை எதுவுமின்றிக் கையாலேயே இயங்குமாறு ஆக்கப்பட்ட அப்பொருள், அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் தன் கடமையைச் செய்ய வல்லது. புதிய வில்லை வாங்கப் பணமில்லாத இளைஞன் ஒருவன், மிகச் சிறிய தொகை கொடுத்து அத்தகைய வில்லையொன்றை வாங்கி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் அவனுடைய தமக்கையின் திருமணம். மணவறையின் படம் இரண்டாம் முறை எடுக்கக்கூடியதன்று. ஆதலின், தன் கையிலுள்ள கண்ணாடியை நம்பலாமா என்பதை அவன் முன்னதாகவே அறிந்தாக வேண்டும். அதனை அறியும் வழி யாது? அழுக்கிருப்பின் அகற்றுவது எவ்வாறு? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாக ஒரு வில்லையைக் கொள்வது நலம். சோவியத்து நாட்டில் ஆக்கப்பட்ட ஹீலியோஸ் 44-2 என்னும் வில்லை, உலகெங்கும் பழம்பொருட் சந்தைகளில் மலிவாகக் காணப்படும் ஒன்று. ஹீலியோஸ் என்பது கிரேக்க மொழியிற் கதிரவனைக் குறிக்கும் பெயர். இவ்வில்லையின் குவியத்தூரம் 58 மில்லிமீற்றர். இதன் ஒளிவாயில் முற்றாகத் திறந்த நிலையில் எஃப் எண் 2. முற்றாக ஒடுங்கிய நிலையில் 16. மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள கிராஸ்னொகோர்ஸ்க் ஆலையிலும், மின்ஸ்க், வல்டாய் ஆகிய இடங்களின் ஆலைகளிலும் இது பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. 1965ஆம் ஆண்டு முதல் உற்பத்தியான செனித்-ஈ என்னும் கமராவோடு சேர்த்து இது விற்கப்பட்டமையாலேயே இத்துணைப் பெருவழக்காயிற்று. வில்லையின் முகவளையத்திற் பொறிக்கப்பட்ட தொடரெண்ணின் முதலிரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் அது செய்யப்பட்ட ஆண்டைக் காட்டும். 78 என்று தொடங்குமாயின், அது 1978ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனக் கொள்ளலாம்.

இவ்வில்லையின் குலம் இன்னும் பழையது. 1817ஆம் ஆண்டளவில் ஜேர்மனியக் கணித மேதை காவுஸ், தொலைநோக்கிக்கென இரு கண்ணாடிகள் கொண்ட அமைப்பொன்றை வகுத்தார். அத்தகைய அமைப்புகள் இரண்டை எதிரெதிராக வைத்தால் ஒளிப்படத்துக்கு ஏற்ற வில்லை கிடைக்கும் என்பதை 1888இல் அமெரிக்கரான அல்வன் கிளார்க் காட்டினார். 1896இல் கார்ல் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த போல் ருடோல்ஃப் அதனைத் திருத்திப் பிளானார் என்னும் வில்லையை ஆக்கினார். அதே நிறுவனத்தின் வில்லி மெர்ட்டே 1927இற் பயோட்டார் என்னும் வகையை வகுத்தார். 58 மில்லிமீற்றர்ப் பயோட்டார் 1930களில் வெளிவந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த பின், யேனா நகரிலிருந்த சைஸ் ஆலையின் பொறிகளும் வல்லுநர் சிலரும் சோவியத்து நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே பயோட்டாரின் வழித்தோன்றலாகப் பிறந்ததே ஹீலியோஸ். மலிவு விலைக்குக் கிடைப்பினும், அதனுள்ளே 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கணிதம் அடங்கியுள்ளது என்பதை வாங்குவோர் நினைவிற் கொள்ளல் நன்று.

இனி, கையிற் கிடைத்த வில்லையை ஆராயும் முறையைக் காண்போம். பலர் செய்யும் முதற்பிழை, வீட்டுக்குக் கொண்டு வந்தவுடன் சட்டைத் தலைப்பால் அதனைத் துடைப்பதாகும். கண்ணாடியின் மேற் படிந்துள்ள தூசியில் நுண்ணிய மணற்றுகள்கள் உண்டு. அவற்றின் மேல் துணியை வைத்து அழுத்துவது உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதை ஒக்கும். 50 ஆண்டுகள் செய்யாத கேட்டை ஒரு கணத்துத் துடைப்புச் செய்து விடும். ஆகையால் முதலில் நோக்கல், அடுத்துச் சோதித்தல், தேவையெனக் கண்டாலன்றித் துடையாமை, துடைத்த பின் மீண்டும் சோதித்தல். இந்த ஒழுங்கு மாறலாகாது.

நோக்கலுக்கு வேண்டுவன ஒரு மின்சூளும், அதாவது டோர்ச் விளக்கும், சன்னலோரத்து வெளிச்சமுமே. முதலில் வில்லையின் ஒளிவாயிலை முற்றாகத் திறந்து, வெள்ளைச் சுவரொன்றை அதனூடாகப் பார்த்தல் வேண்டும். கண்ணாடி நிறமற்றுத் தெளிந்திருக்கிறதா, மங்கலாகப் பால்போற் படர்ந்திருக்கிறதா என்பது அப்போது விளங்கும். அதன்பின் மின்சூளைப் பின்புறமாக வைத்து, நேராகவன்றிச் சற்றுச் சாய்வாக நோக்கினால் உள்ளேயுள்ள குறைகள் யாவும் வெளிப்படும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. மின்சூளின் வெளிச்சத்தில் எந்தப் பழைய வில்லையும் அஞ்சத்தக்கதாகவே தோன்றும். உள்ளே மிதக்கும் தூசிகள் வானத்து விண்மீன்கள்போல் ஒளிரும். அவற்றைக் கண்டு மனந்தளர வேண்டியதில்லை. தூசியையும் உண்மையான நோயையும் வேறுபிரித்தறிவதே திறமை.

அந்நோய்கள் ஐந்து வகைப்படும். முதலாவது பூஞ்சணம். சிலந்தி வலைபோலவோ, மரக்கிளைபோலவோ கிளைத்துச் செல்லும் மெல்லிய இழைகளாக இது காணப்படும். இரண்டாவது மங்கல். இது உராய்வு நீக்கும் கொழுப்பிலிருந்து ஆவியாகிய எண்ணெய் கண்ணாடியிற் படிவதால் உண்டாகும் மெல்லிய படலம். மூன்றாவது கீறல். நான்காவது, ஒட்டுப் பிரிதல். ஹீலியோஸில் ஆறு கண்ணாடிகள் நான்கு தொகுதிகளாக அமைந்துள்ளன. அவற்றுள் நான்கு கண்ணாடிகள் இரண்டிரண்டாக ஒட்டப்பட்டவை. பழங்காலத்தில் இவ்வாறு ஒட்டுவதற்குக் கனடா பால்சம் என்னும் மரப்பிசின் பயன்பட்டது. ஒட்டு விட்டுப் போனால், ஓரத்தில் வெள்ளிபோன்ற திட்டோ வானவில் நிற வளையங்களோ தோன்றும். ஐந்தாவது, ஒளிவாயிலின் தகடுகளில் எண்ணெய் கசிந்திருத்தல்.

இவற்றின் கடுமை ஒரே தன்மையதன்று. ஒட்டுப் பிரிந்த வில்லையை வீட்டிற் சீர் செய்தல் இயலாது. அதனை வாங்காது விடுதலே அறிவு. பூஞ்சணமும் மங்கலும் தொடக்க நிலையிலாயின் அகற்றக்கூடியவை. தகடுகளின் எண்ணெய் வில்லையின் வகையைப் பொறுத்தது. கமராவின் விசை அழுத்தப்படும் கணத்திலே வில்லின் வலியால் தானாக ஒடுங்கும் வகையில், எண்ணெய் ஒட்டிய தகடுகள் தாமதித்துப் படத்தை வெளிறச் செய்யும். ஹீலியோஸ் 44-2 அவ்வகையன்று. இதில் இரண்டு வளையங்கள் உள. ஒன்றில் வேண்டிய எண்ணை முன்னரே குறித்துக்கொள்ள, மற்றையது கையாலே திறக்கவும் ஒடுக்கவும் உதவும். எட்டுத் தகடுகளையும் கைவிரலே நகர்த்துவதால், சிறிது எண்ணெய் இருப்பினும் படம் கெடாது. எனினும் நாளடைவில் அவ்வெண்ணெயே ஆவியாகிக் கண்ணாடியில் மங்கலாகப் படியக்கூடும் என்பதை மறத்தலாகாது.

கீறலைப் பற்றியும் தூசியைப் பற்றியும் மக்கள் கொண்டுள்ள அச்சம் மிகையானது. ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். 58 மில்லிமீற்றர்க் குவியத்தூரத்தை எஃப் எண்ணாகிய 2ஆல் வகுத்தால் 29 வரும். அதாவது, முற்றாகத் திறந்த நிலையில் ஒளி புகும் வாயிலின் விட்டம் 29 மில்லிமீற்றர். பரப்பு ஏறத்தாழ 660 சதுர மில்லிமீற்றர். முன்கண்ணாடியின் மேல் அரை மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு தூசி கிடப்பின், அது மறைப்பது அப்பரப்பில் 3,000இல் ஒரு பங்குக்குங் குறைவே. படத்திலே அதன் சுவடு காணவும் இயலாது. ஆனால் எஃப் எண் 16 ஆகும்போது வாயிலின் விட்டம் 4 மில்லிமீற்றருக்குங் குறைந்து விடுகிறது. அதே தூசி இப்போது 50இல் ஒரு பங்கை மறைக்கும். மேலும், பின்கண்ணாடி படம் விழும் தளத்துக்கு அண்மையில் இருப்பதால் அதன் மேலுள்ள குறை கூடுதலாகப் புலப்படும். ஆகவே முன்னே உள்ள ஒரு சிறு கீறலைப் பொறுக்கலாம். பின்னே உள்ளதைப் பொறுத்தல் அரிது. முன்கண்ணாடியில் ஆழமான ஒரு கீறல் இருப்பின், அதனைக் கறுப்பு மையால் நிரப்பி விடுவது பழைய ஒளிப்படக் கலைஞர் கையாண்ட உத்தி. கீறல் ஒளியை மறைப்பதாலன்றி, அதனை நாற்புறமும் சிதறச் செய்வதாலேயே தீங்கு விளைக்கிறது. மை அச்சிதறலை விழுங்கி விடுகிறது.

மங்கல் ஏன் கீறலினுங் கொடிது என்பதும் இதனால் விளங்கும். ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் புகும் ஒவ்வொரு முறையும், வெளிவரும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 100க்கு 4 பங்கு தெறித்துப் போகின்றது. நான்கு தொகுதிகளுக்கு எட்டு மேற்பரப்புகள். பூச்சு எதுவுமில்லாவிடின் 100 பங்கு ஒளியில் 72 பங்கே மறுபுறம் சேரும். தெறித்த ஒளியின் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து, படத்தின் கருமையான இடங்களை வெளிறச் செய்யும். இதனைத் தடுக்கவே கண்ணாடியின் மேல் மிக மெல்லிய பூச்சு இடப்படுகிறது. 1890களில் இங்கிலாந்தின் டெனிஸ் டெயிலர் என்பார், மேற்பரப்பு மங்கி நிறம் மாறிய பழைய வில்லைகள் புதியவற்றிலும் கூடுதலான ஒளியைச் செலுத்துவதைக் கண்டு வியந்தார். காலம் ஏற்றிய மெல்லிய படலமே தெறிப்பைக் குறைத்திருந்தது. அவ்வாறான படலத்தைச் செயற்கையாக, வெற்றிடத்தில் ஆவியாக்கி இடும் முறையை 1935இற் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாந்தர் சுமாக்குலா கண்டார். ஒற்றைப் பூச்சால் ஒவ்வொரு மேற்பரப்பின் தெறிப்பும் 1.5 பங்களவாகக் குறைய, 88 பங்குக்கு மேல் ஒளி மறுபுறம் சேர்கிறது. ஹீலியோஸின் முகத்திலே தோன்றும் நீலமும் ஊதாவுமான சாயல் இப்பூச்சின் அடையாளம். கடுந்துடைப்பால் இப்பூச்சை அழிப்பவர், தூசியைப் போக்கும் ஆசையால் ஒளியையே இழக்கின்றார்.

நோக்கிய பின்னர்ச் சோதனை. இவ்வில்லை 42 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர்ப் புரியிடையும் கொண்ட திருகால் கமராவிற் பொருந்துவது. திருகின் இருக்கையிலிருந்து படத்தளம் வரை உள்ள தூரம் 45.46 மில்லிமீற்றர். இக்காலத்து ஆடியில்லா இலக்கக் கமராக்களில் அத்தூரம் மிகக் குறைவு; சோனி நிறுவனத்தின் ஈ வகைப் பொருத்தில் 18 மில்லிமீற்றர். எனவே 27.46 மில்லிமீற்றர் தடிப்புள்ள இணைப்பு வளையம் ஒன்றை இடையில் இட்டால் போதும். நிக்கோன் எஃப் வகைக் கமராவிலோ அத்தூரம் 46.5 மில்லிமீற்றர். அங்கே வளையத்துக்கு இடமே இல்லாமையால், இடையிலே கூடுதற் கண்ணாடி ஒன்று வைத்தாலன்றித் தொலைவிலுள்ள பொருள்கள் தெளிவுறா. வில்லையை வாங்குமுன்னரே தன்னிடமுள்ள கமராவின் அளவை ஒருவன் அறிந்திருத்தல் அவசியம்.

முதற் சோதனை முடிவிலித் தூரம். தொலைவிலுள்ள கோபுரம் ஒன்றையோ இரவில் விண்மீன் ஒன்றையோ நோக்கி, வளையத்தை முடிவிலிக் குறி வரை திருப்ப வேண்டும். தெளிவு அக்குறியை எட்டுமுன்னரே வந்து விடின், இணைப்பு வளையம் சற்று மெலிந்தது; அதனால் பெருந்தீங்கில்லை. குறியை எட்டியும் தெளிவு வராவிடின், வளையம் தடித்தது, அல்லது முன்பு திறந்த எவரோ வில்லையைப் பிழையாகப் பூட்டியிருக்கின்றார்.

இரண்டாவது, கண்ணாடிகளின் அச்சு ஒழுங்காக உள்ளதா என்னும் சோதனை. பலமுறை கைமாறிய வில்லை, எங்கேனும் விழுந்திருக்கக்கூடும். முகவளையத்தில் நெளிவு காணப்படின் இச்சோதனை கட்டாயமாகும். இரவிலே தொலைவில் எரியும் சிறு விளக்கொன்றைத் தேர்ந்து, ஒளிவாயிலை முற்றாகத் திறந்து, நடுவிலே தெளிவாகக் குவித்தல் வேண்டும். பின்னர் வளையத்தைத் தொடாமல், அவ்விளக்குப் படத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முறை விழுமாறு கமராவைத் திருப்பி நான்கு படங்கள் எடுக்க வேண்டும். மூலைகளில் விளக்கு ஒளி சற்றுச் சிதைந்து தோன்றுதல் இவ்வகை வில்லைக்கு இயல்பே. நான்கிலும் சிதைவு ஒரே அளவினதாயின் வில்லை நலமாயுளது. ஒரு மூலையில் மட்டும் மிகுதியாயின், ஏதோ ஒரு கண்ணாடி சாய்ந்துளது எனக் கருதலாம். ஆயினும் தீர்ப்பளிக்குமுன், அதே இணைப்பு வளையத்தில் வேறொரு வில்லையை இட்டுப் பார்த்தல் நீதியாகும். குற்றம் வளையத்தினதாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, தெளிவின் அளவு. செய்தித்தாள் ஒன்றின் விரித்த பக்கத்தைச் சுவரில் ஒட்டி, கமராவைத் தாங்கியில் நிறுத்திப் படம் எடுத்தல் வேண்டும். கமரா சுவருக்கு நேர்நிற்கிறதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. முகம் பார்க்கும் தட்டையான கண்ணாடி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, கமராவினூடாக நோக்கினால், வில்லை தன் சொந்தப் பிம்பத்தைப் படத்தின் நட்ட நடுவிலே காணுமாயின், கமரா செம்மையாக நிற்கிறது. பின்பு எஃப் எண் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுத்து ஒப்பிடுதல் வேண்டும். 2இல் நடுப்பகுதி தெளிந்தும் ஓரங்கள் மென்மையாகவும் இருக்கும். 5.6, 8 ஆகிய நிலைகளில் ஓரங்களும் தெளியும். 16இல் மீண்டும் சற்று மழுங்கும். இம்மழுங்கல் வில்லையின் குற்றமன்று. சிறுதுளையிற் புகும் ஒளி வளைந்து விரியும் இயற்கையின் விதி. எஃப் எண் 16இல் ஓர் ஒளிப்புள்ளி 0.021 மில்லிமீற்றர் அகலமுள்ள வட்டமாக விரிகிறது. 240 இலட்சம் படப்புள்ளிகள் கொண்ட முழுச்சட்டக் கமராவில் ஒரு புள்ளியின் அகலமோ 0.006 மில்லிமீற்றரே.

நான்காவது சோதனை எதிரொளி. படத்தின் சட்டத்துக்குச் சற்று வெளியே விளக்கொன்று இருக்குமாறு நிறுத்தி, இருண்ட பொருளொன்றைப் படமெடுத்தல் வேண்டும். பின் வில்லையின் முகத்துக்குக் கறுப்புத்தாளாற் செய்த குழலொன்றை மாட்டி அதே படத்தை மீண்டும் எடுக்க வேண்டும். குழலோடு எடுத்த படம் கருமை குன்றாதிருப்பின் வில்லையின் உட்புறம் தூயது. ஒற்றைப் பூச்சின் குறையைத் தாட்குழல் நிரப்பி விடும். குழல் மாட்டியும் படம் முழுதும் புகை படர்ந்ததுபோல் வெளிறித் தோன்றுமாயின், உள்ளே மங்கலோ பூஞ்சணமோ உண்டு என்பது உறுதி. அப்போதுதான் துடைத்தலுக்கு உரிய காரணம் பிறக்கிறது.

துடைத்தலின் முதற்படி துடையாமையே. இறப்பர் ஊதுகுமிழால் தூசியை ஊதி அகற்றல் வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அடுத்து மென்மையான மயிர்த்தூரிகையால் வருடல் வேண்டும். எஞ்சிய விரலடையாளம் முதலியவற்றுக்கே திரவம் வேண்டும். மருந்துச் சாலையிற் கிடைக்கும் தூய ஐசோபுறப்பைல் அற்ககோல் இதற்கு ஏற்றது. அதனைக் கண்ணாடியின் மேல் நேரே சொட்டுதல் ஆகாது. வளையத்தின் இடுக்கு வழியாக அது உள்ளே கசிந்து விடும். வில்லை துடைக்கும் மென்தாளில் ஓரிரு துளி இட்டு, நடுவிலிருந்து தொடங்கிச் சுருளாக ஓரத்தை நோக்கி, அழுத்தமின்றித் துடைத்தல் வேண்டும். ஒருமுறை துடைத்த தாளால் மறுமுறை துடைத்தலாகாது. பெயின்ற் கரைக்கும் அசெற்றோன் போன்ற திரவங்கள் வளையத்தின் வண்ணத்தையும் எழுத்துகளையும் அழித்து விடுமாதலால் அவற்றை விலக்குக.

குற்றம் உட்புறமாயின் வில்லையைத் திறக்க வேண்டும். ஹீலியோஸின் பெயர் பொறித்த முகவளையம் திருகாற் பூட்டப்பட்டது. அதன் விட்டத்துக்கு ஏற்ற இறப்பர் மூடி ஒன்றை அழுத்திப் பிடித்து இடஞ்சுழியாகத் திருப்பினால் அது கழலும். அதன் பின்னர் முன்தொகுதியைக் கழற்றினால், ஒளிவாயிற் றகடுகளை அடுத்த கண்ணாடி முகம் கைக்கு எட்டும். எண்ணெய் மங்கல் பெரும்பாலும் படிவது இங்கேதான். கழற்றும் ஒவ்வொரு படியையும் கைத்தொலைபேசியாற் படம் எடுத்து வைத்தலும், திருகாணிகளைக் கழற்றிய வரிசைப்படி தட்டில் அடுக்குதலும், கண்ணாடி எப்பக்கம் நோக்கியிருந்தது என்பதைக் குறித்தலும் பின்னர் வருந்தாமைக்கு வழியாகும். குவித்தற் புரியை மட்டும் புதியவர் கழற்றாதிருத்தல் நன்று. அது பல தொடக்கங்களையுடைய புரி. எந்தத் தொடக்கத்தில் கழன்றதோ அதே தொடக்கத்திற் சேர்த்தாலன்றி முடிவிலித் தூரம் மீளாது. பழைய கொழுப்பு இறுகி வளையம் கடினமாகச் சுழலினும், படத்தின் தெளிவு அதனாற் குறைவதில்லை.

பூஞ்சணம் கண்ட கண்ணாடிக்குத் தனி மருத்துவம் உண்டு. மருந்துச் சாலையிற் கிடைக்கும் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டில் நனைத்துப் பிழிந்த பஞ்சை, கழற்றிய கண்ணாடியின் மேற் சில நிமிடங்கள் வைத்திருந்து, மெல்ல ஒற்றி எடுத்தல் வேண்டும். அடுத்துக் காய்ச்சி வடித்த நீராலும், இறுதியில் அற்ககோலாலும் துடைத்தல் வேண்டும். உயிருள்ள பூஞ்சணம் இதனால் அகலும். ஆனால் பூஞ்சணம் தான் வளருங்கால் அமிலங்களைச் சுரக்கும். அவ்வமிலம் பூச்சையும், நாட்சென்றால் கண்ணாடியையுமே அரித்து விடும். இழைகள் போன பின்னும் அவற்றின் வடிவம் கண்ணாடியிற் பொறித்ததுபோல் நிற்குமாயின், அது அழுக்கன்று, தழும்பு. தழும்பைத் தேய்த்துப் போக்க முயல்வோர் புண்ணையே பெரிதாக்குவர். அங்கே கையை எடுத்து விடுதலே கலை.

சில பழைய வில்லைகளில் வேறொரு குறையுங் காணப்படும். வெள்ளைத் தாளின் மேல் வைத்து நோக்கினால் தேநீர்போல் மஞ்சளித்துத் தோன்றும். யப்பானின் அசாகி நிறுவனம் 1960களில் ஆக்கிய சூப்பர்-டக்குமார் 50 மில்லிமீற்றர், எஃப் எண் 1.4 வில்லை இதற்குப் பேர்போனது. அதன் கண்ணாடி ஒன்றில் தோரியம் ஒட்சைட்டு கலந்துளது. தோரியத்தின் கதிர்த்தொழிற்பாடே காலப்போக்கிற் கண்ணாடியை மஞ்சளாக்குகிறது. ஊதாக்கடந்த கதிர்களைச் சில நாட்களோ வாரங்களோ தொடர்ந்து பாய்ச்சினால் அந்நிறம் பெரும்பாலும் நீங்கும். வெயிலில் வைப்போர் ஒன்றை மறத்தலாகாது: வில்லை என்பது தீ மூட்டும் கண்ணாடியுமாகும். பின்புறத்தை மூடாது சன்னலில் வைத்த வில்லை திரைச்சீலையைக் கொளுத்தி விடும். ஊதாக்கடந்த ஒளி தரும் சிறிய மின்விளக்கே பாதுகாப்பானது. அவ்விளக்கை நேரே பார்த்தல் மட்டும் கூடாது. இத்தகைய வில்லையாற் படமெடுத்தலில் அஞ்சத்தக்கது எதுவுமில்லை. அதன் கண்ணாடியை உடைத்தலும் தேய்த்துத் தூளாக்கலுமே விலக்கத்தக்கன.

துடைத்து முடித்த வில்லையை மீண்டும் அதே சோதனைகளுக்கு உட்படுத்த வேண்டும். முன் எடுத்த படத்தையும் பின் எடுத்ததையும் அருகருகே வைத்தால், உழைப்பின் பயன் கண்கூடாகும். ஒருவேளை வேறுபாடு எதுவும் தோன்றாமற் போகலாம். அதுவும் ஒரு படிப்பினையே. அந்த வில்லைக்குத் துடைப்பு வேண்டியிருக்கவில்லை என்பது அதன் பொருள்.

இனிக் காப்பு. பூஞ்சண வித்துகள் காற்றில் எங்கும் உள. அவற்றை முற்றாக விலக்குதல் எவர்க்கும் இயலாது. ஆனால் காற்றின் சார் ஈரப்பதன் 70 சதவீதத்தை நெருங்கும்போதே அவை முளைத்துத் தழைக்கின்றன. கொழும்பு போன்ற கரையோர நகரங்களில் ஆண்டின் பெரும்பகுதியும் ஈரப்பதன் இந்த அளவுக்கு மேற்பட்டதே. ஐரோப்பிய அலுமாரி ஒன்றில் 40 ஆண்டுகள் பழுதின்றிக் கிடந்த வில்லை, இங்கே ஒரு மழைக்காலத்தில் பூத்துவிடக் கூடும். தோலுறையும் துணிப்பையும் ஈரத்தைப் பிடித்து வைப்பன; அவற்றுள் வில்லையை நெடுநாள் அடைத்து வைத்தலாகாது. காற்றுப் புகாத பிளாத்திக்குப் பெட்டியில், சிலிக்கா ஜெல் மணிகளோடும் ஈரமானி ஒன்றோடும் வைத்து, ஈரப்பதனை 40 முதல் 50 சதவீத அளவில் நிறுத்துதல் சாலச் சிறந்தது. மணிகள் நிறம் மாறின் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம். எல்லாவற்றினும் மேலான காப்பு, வில்லையை அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவதே.

தமக்கையின் திருமணத்துக்குப் படமெடுக்கக் காத்திருக்கும் இளைஞனிடம் மீள்வோம். அவனுடைய வில்லையின் முன்கண்ணாடியில் இரண்டு மெல்லிய கீறல்கள் இருக்கலாம். உள்ளே சில தூசிகள் மின்னலாம். வளையம் சற்றுக் கடினமாகத் திரும்பலாம். ஆனால் சோதனைகளைச் செய்து முடித்த அவன், தன் வில்லையின் குணமும் குற்றமும் அறிந்தவன். எஃப் எண் 2இல் மணமகளின் முகம் நடுவிலே தெளிந்து விளங்க, பின்னணியின் இலைகளும் விளக்குகளும் சுழல்வதுபோல் தோன்றும் என்பதும், குடும்பத்தவர் அனைவரும் வரிசையாக நிற்கும் படத்துக்கு 8 வேண்டும் என்பதும், விளக்குக்கு எதிரே நிற்கும்போது தாட்குழலை மாட்ட வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். மணவறையிலே அவன் கை நடுங்க வேண்டியதில்லை.

அத்திருமணத்தின் பின் அவன் அவ்வில்லையைத் தோலுறைக்குள் இட்டு மறந்து விடுவானாயின், அடுத்த மழைக்காலம் தன் வேலையைச் செய்யும். ஈரமில்லாப் பெட்டியில் வைத்துப் பேணுவானாயின், மணமகளின் பிள்ளைகளும் ஒருநாள் அதே கண்ணாடியினூடாகத் தம் உலகை நோக்கக்கூடும்.